இருபத்து மூன்றாம் இலக்கம்

செவ்வாய்க்கிழமை காலை, இரண்டாவது தோசையில் நான் கைவைத்த நேரம் மரணச் செய்தி வந்தது. வெள்ளவத்தை டிஸ்பென்சரியில் நோயாளருக்கு நம்பர் கொடுக்கும் பாத்திமா தொலைபேசியில் அழுதார். "அங்கிள், நம்மட டொக்டர் மௌத்தாகிட்டாங்க. கொட்டாஞ்சேனை வீட்டுல, நித்திரையிலயே."

நான் கேட்டேன்: "அவவை ஒருத்தரும் முதலாவதாக் கூப்பிடேல்லையோ, பிள்ளை?"

டொக்டர் ரெஜினாவிடம் மருந்தெடுத்தவர்களுக்கு இந்தக் கேள்வி விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

பதினாறு வருடம் அரசாங்க ஆஸ்பத்திரியொன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்து, பிறகு குடும்ப வைத்தியம் படித்து, எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கைக்கு வந்தவர் அவர். ஏன் மாறினீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அங்க உயிரைக் காப்பாத்தி அனுப்பினா, பிறகு அந்த ஆள் என்ன ஆனார்னே தெரியாது. இங்க நீங்க எல்லாரும் மாசாமாசம் வந்து என்ன ஆனீங்கன்னு சொல்லி என் உயிரை எடுக்கிறீங்க" என்றார்.

ஆனால் அவசரப் பிரிவின் பழக்கம் அவரை விடவில்லை. பாத்திமா மூன்று மணியிலிருந்து பிளாஸ்டிக் வில்லைகளில் நம்பர் கொடுப்பார். டொக்டர் நான்கு மணிக்கு வந்து, கதவடியில் நின்று எல்லோரையும் ஒரு பார்வை பார்த்து, ஆக மோசமாக இருப்பதாகத் தனக்குப் பட்ட ஆளை முதலில் கூப்பிடுவார். நானோ புதுக்கடை நீதிமன்றத்தில் முப்பது வருடம் இலக்கப்படி வழக்குக் கூப்பிட்டவன். கொலை வழக்கைக்கூட முறை தவறிக் கூப்பிட்டதில்லை. முதல் நாளே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டொக்டர், என்ர இலக்கம் ஒண்டு."

"தெரியும். காத்திருக்க வைக்கிறேன்னா நீங்க நல்லா இருக்கிறீங்க. சந்தோஷமா இருங்க."

நாளடைவில் அங்கே வேறெங்கும் இல்லாத ஒரு வழக்கம் வந்துவிட்டது. முதலாவதாகப் போக ஒருவரும் விரும்புவதில்லை. பெயரைக் கூப்பிட்டால் முகம் வெளுத்து, பக்கத்தில் இருப்பவரைக் காட்டுவார்கள். என் மனைவி ஒருநாள் வாசலிலேயே, "இஞ்சருங்கோ, என்னை ரெண்டு மணித்தியாலம் இருத்தி வச்சவ!" என்று பூரித்தாள். சீனி வியாதிக்குக் காட்டப் போனவள், அந்தச் சந்தோஷத்தில் பாயாசம் வைத்தாள்.

மூன்று வருடங்களுக்கு முன் நான் இருமல் மருந்துக்குப் போனேன். இலக்கம் இருபத்து மூன்று. டொக்டர் கதவடிக்கு வந்து, "மிஸ்டர் சிவபாலன், உள்ள வாங்க" என்றார்.

"எனக்கு முன்னால இருபத்திரண்டு பேர் இருக்கினம், டொக்டர். முறை எண்டு ஒண்டிருக்கு."

"நீங்க படியேறின விதம் எனக்குப் பிடிக்கல்ல. ஏன் இப்படி வேர்த்திருக்கு?"

"வெள்ளவத்தையில ஆருக்குத்தான் வேர்க்கேல்ல?"

கதிரையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். அவர் விவாதிக்கவில்லை. ஈ.சி.ஜி. இயந்திரத்தை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். என்னை வாங்கில் படுக்கவைத்துச் சேர்ட்டைக் கழற்றினார்கள். பாத்திமாவும் ஆறாம் இலக்கக்காரரும் மறைப்புக்குப் படுக்கைவிரிப்பைப் பிடித்தார்கள். நான் முறைப்பாடு செய்துகொண்டே இருந்தேன். பதினோராம் இலக்க அம்மா, "வாயை மூடிக்கொண்டு படுங்கோ ஐயா, அவவுக்குத் தெரியும்" என்று அதட்டினார்.

மாரடைப்பு. மேன்முறையீட்டுக்கு இடமில்லை. அம்புலன்ஸில் களுபோவிலை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டொக்டரும் என்னோடு ஏறிக்கொண்டார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அதைக் காட்டாமல், "அந்த இருபத்திரண்டு பேரும் என்ன செய்வினம்?" என்று கேட்டேன்.

"காத்திருப்பாங்க. அவங்களால முடியும். உங்களால முடியாது" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வரும்வரை விடவில்லை.

வெள்ளிக்கிழமை கொட்டாஞ்சேனை வீட்டில் செபம் முடிந்தது. டொக்டரின் தம்பி, "வெள்ளவத்தை ஆக்கள் ஒவ்வொருத்தரா வந்து பாருங்க. முதல்ல யார் வாறீங்க?" என்றார். பஸ் எடுத்துப் போயிருந்த நாங்கள் முப்பது பேர் கதிரைகளில் இருந்தோம். ஒருவரும் எழும்பவில்லை. ஆறாம் இலக்கக்காரர் என்னைக் காட்டினார். நான் அவரைக் காட்டினேன். பாத்திமா நிலத்தைப் பார்த்தார். தம்பி ஒன்றும் விளங்காமல் மறுபடியும் கேட்டார்.

நான் எழுந்தேன். டொக்டர் கூப்பிட்டு ஒருமுறை எழும்பாமல் இருந்தவன் நான்தானே.

சேர்ட் பையில் இருபத்து மூன்றாம் இலக்க வில்லை இருந்தது. அம்புலன்ஸ் ஏறிய நாளிலிருந்து அது என்னிடம்தான். நீதிமன்றத்திலிருந்து ஒரு குண்டூசிகூட வீட்டுக்குக் கொண்டுவராதவன், அதைத் திருப்பிக் கொடுக்கவேயில்லை. பாத்திமாவும் இருபத்திரண்டுக்குப் பிறகு இருபத்து நான்கைத்தான் கொடுத்துவந்தார். டொக்டரின் சவப்பெட்டிக்குள் வைத்துவிடலாம் என்றுதான் கொண்டுபோனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மனம் வரவில்லை, அழுகைதான் வந்தது. வில்லையைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இன்னும் காத்திருக்கிறேன், டொக்டர். நல்லா இருக்கிறேன்.