நந்தியாவட்டையடியில் விட்டு வந்த துணை

போன வருடம் ஆவணி மாதம். சுரங்கத்தில் வேலை பார்த்த என் கணவர் ரிட்டையர் ஆனதும், நெய்வேலி குவார்ட்டர்ஸைக் காலி செய்து பண்ருட்டியில் வாடகை வீடு பார்த்தோம். கட்டில், பீரோ எல்லாம் வண்டி ஏறிவிட்டன. ஏற்ற முடியாதது வாசலில் நின்ற நந்தியாவட்டை மட்டும்தான். கல்யாணமாகி வந்த புதிதில் நான் வைத்தது.

அந்தச் செடிக்கு வருடா வருடம் விரல் தண்டியில் பச்சைப் புழு வரும். தொட்டால் தலையை உள்ளிழுத்து, நீல வட்டம் இரண்டைக் கண் மாதிரி காட்டி முறைக்கும். எல்லாம் வெறும் மிரட்டல்! இலையைத் தின்று தீர்த்தபின் பழுப்பாகி, கீழே இறங்கி, சருகுக்குள் கூடு கட்டிக்கொள்ளும். அப்புறம் ஒரு சாயங்காலம், உள்ளங்கை அகலத்தில் பச்சைப் பட்டு உடுத்தினாற்போல அந்துப்பூச்சியாக வெளியே வரும். பருந்து அந்துப்பூச்சி என்பார்கள். அந்தரத்தில் நின்றபடியே பூவில் தேன் குடிக்கும். கணவர் மத்தியானம் செகண்ட் ஷிப்ட் போனால் ராத்திரிதான் வருவார். பேச ஆளில்லாத அந்த மாலைகளில் எனக்கு அதுதான் துணை.

இந்த முறை பார்த்து, கூடு சருகுக்குள் இருக்கும்போதே சாவியைக் கொடுக்க வேண்டியதாயிற்று. எடுத்துப் போனால் செத்துவிடுமோ என்று பயம். புதிதாகக் குடிவந்த பெண் முத்தாண்டிக்குப்பத்துக்காரி. வந்ததும் வராததுமாகத் துடைப்பத்தைக் கையில் எடுத்தாள். ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

"செடிக்கு அடியில மட்டும் பெருக்காதம்மா. பூச்சி கூடு கட்டியிருக்கு."

"பூச்சியா? அய்யய்யோ!" என்று துள்ளியவள், என் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டாள். "சரிக்கா, பெருக்கல. அதுக்கு ஏங்க்கா அழுவுறீங்க?"

நான் எங்கே அழுதேன் என்று சண்டைக்குப் போனேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான். அவள் சிரித்தபடி என் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

சில நாள் கழித்து, விளக்கு வைக்கும் நேரத்தில் வீடியோ கால். "அக்கா, வந்துருச்சுங்க! எம்மாம் பெருசு! றெக்கையக் காய வச்சிக்கினு குந்தியிருக்குது, பாருங்க."

அவள் கை ஆடிய ஆட்டத்தில் பச்சையாக ஏதோ நடுங்கியது மட்டும் தெரிந்தது. கிட்டே போய்ப் பார்க்க மனசு பறந்தது. பஸ் பிடித்துப் போகும்வரை அது காத்திருக்குமா? பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழும்பி, வீட்டுக்குப் பின்பக்கம் மறைந்துவிட்டது.

அவள் போனை வைக்கவில்லை. "அவரு செகண்ட் ஷிப்ட்டுக்கா. வூட்ல ஒண்டியாத்தான் இருக்கேன். கொஞ்ச நேரம் பேசிக்கினு இருங்களேன்" என்றாள். இருட்டும்வரை பேசினோம்.

பண்ருட்டி வீட்டிலும் தொட்டியில் நந்தியாவட்டை வைத்திருக்கிறேன். எவ்வளவு நன்றாக வளர்ந்திருக்கிறது என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். புழு கடிக்காத அந்த முழு இலைகளைத் தடவும்போதெல்லாம், என் வீடு இன்னும் நெய்வேலியில்தான் இருக்கிறது என்று மனசு அடித்துக்கொள்கிறது.