கதவு திறவாத கதைக்கு நான் சொன்ன பயன்

கண்ணில் சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பிய என் மனைவிக்கு வைத்தியர் விதித்த கட்டளை ஒன்றே ஒன்றுதான்: பத்து நாட்களுக்கு முகம் கவிழ்ந்தே இருக்க வேண்டும். பிரிந்துபோன விழித்திரையை ஒட்டவைத்து, அது விலகாதிருக்கக் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை அடைத்திருந்தார்கள். தலை நிமிர்ந்தால் குமிழி இடம் மாறிவிடும். ஆகையால் உண்பதும் உறங்குவதும் நிலத்தைப் பார்த்தபடியே. மற்றக் கண்ணிலே முன்னரே நோய். வெளிச்சமும் நிழலும் மட்டுமே அதற்குப் புலப்படும்.

வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றின் மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. படுக்கை விரிப்பை வளையமாகச் சுருட்டி, அதில் நெற்றியைப் பதித்து அவள் கட்டிலிற் கிடப்பாள். நான் பக்கத்தில் கதிரை போட்டு அமர்ந்திருப்பேன். எனக்குத் தெரிந்தவை அவளுடைய பிடரியும் பின்னலும் தோள்களும் மட்டுமே. ஐம்பது ஆண்டுகளை அண்மித்த இல்வாழ்க்கையில் அவள் முகத்தைப் பாராமல் அவளோடு கதைக்க நேர்ந்தது அந்தப் பத்து நாட்களில்தான்.

அவள் கண் கெட்ட அதே வாரத்தில் மெல்பேணிலிருந்து மகளின் புத்தகம் வந்து சேர்ந்தது. மகள் படம் வரைபவள். பிள்ளைகளுக்கு மடியில் வைத்துச் சொல்லும் பழங்கதைகளை எடுத்து, அவற்றினுள்ளே உறங்கும் பயங்கரத்தை எழுப்பிச் சித்திர நாவலாகத் தீட்டுவது அவள் தொழில். முன்னர் வந்த மூன்று நூல்களையும் மனைவி உருப்பெருக்கிக் கண்ணாடி பிடித்து, ஒரு கோடும் தவறாமல் பார்த்து முடித்திருந்தாள். நான் அவற்றைத் திறந்ததில்லை. சுவாமிப் படங்கள் இருக்கும் அறையிலே பல்லும் நகமும் தெரியும் அட்டைகள் வேண்டாமென்று, அலுமாரியில் முதுகுப்புறம் உள்ளே இருக்கும்படி திருப்பி அடுக்கியிருந்தேன்.

நான்காவது நூல் மனைவி சொன்ன கதை. கதவைத் திறக்கவேண்டாமென்று குட்டிகளுக்குச் சொல்லிவிட்டு இரை தேடப் போன தாய் ஆடு. தாயின் குரலில் அழைத்து, கையில் மாப் பூசி ஏமாற்ற வந்த நரி. அதை மகளுக்குச் சிறுவயதில் எத்தனையோ முறை சொன்னவள் அவள். அதனால், மகள் நாள்தோறும் காலையில் அழைத்துக் கேட்பது ஒரே கேள்வி.

"அப்பா, அம்மா பாத்தவவோ?"

"கண்ணே திறக்கேலாமல் கிடக்கிறா பிள்ளை."

"அவ என்ன சொல்லுறா எண்டு தெரியாமல் எனக்கு ஒரு வேலையும் ஓடுதில்லை."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த மனைவி, தலையணைக்குள் இருந்தபடியே சொன்னாள்: "இஞ்சாருங்கோ, நீங்கள் பயன் சொல்லுற ஆள் தானே. படத்துக்கும் சொல்லுங்கோவன்."

எங்கள் கோயில்களிற் புராணப் படிப்பு நடக்கும் நாட்களில் ஒருவர் பாடலை இசையோடு படிப்பார். மற்றவர் அதன் பொருளைச் சபைக்கு விரித்துரைப்பார். அந்த உரைக்குப் பயன் என்று பெயர். நாற்பது ஆண்டுகளாக அந்தப் பணி எனக்குத் திருவருளால் வாய்த்திருக்கிறது. மகளின் நூலிலோ படங்கள் மட்டுமே; சொல்லில்லாத பாட்டுக்குப் பயன் சொல்வது எவ்வாறு? ஆயினும் புத்தகத்தைத் திறந்தேன்.

முதற் பக்கத்தில் ஒரு மாடிப்படி. சேலை உடுத்த ஆடொன்று கையில் பையோடு இறங்குகிறது.

"என்ன நிறச் சேலை?"

"கறுப்பு. எல்லாமே கறுப்புத்தான்."

"கறுப்பிலையும் கரை இருக்குமப்பா. பாருங்கோ."

பார்த்தேன். நான்கு விரல் அகலத்திற் கரை இருந்தது. சொன்னேன். "ம்," என்று திருப்திப்பட்டாள்.

வீட்டினுள்ளே பல குட்டிகள் இல்லை. ஒரே ஒரு குட்டி. கழுத்தில் நாடா கட்டிய திறப்பு. அடுத்த பக்கங்களில் கதவு. பிறகு, கதவின் கீழிடுக்கு வழியே நீளும் வெள்ளை விரல்கள். "நரி மாப் பூசின கையை நீட்டுது," என்று விரைந்து புரட்டினேன். அதற்கப்பால் என் நா தயங்கியது. குட்டி திறக்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் அதே கதவு. வெளியே குந்தியிருக்கும் உருவம் மெலிகிறது, தோல் உரிகிறது, விலா எலும்புகள் தெரிகின்றன. எலும்பின்மேல் அதே நான்கு விரற் கரைச் சேலை. வெளியே இருப்பது நரியன்று, தாய் என்று அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. புத்தகம் முழுவதிலும் இல்லாத சிவப்பு, கடைசிப் பக்கத்தில் மட்டும், கதவின் அடியிலே குருதிபோலத் தெரிந்தது.

மகள் சிறுமியாயிருந்தபோது நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியிற் குடியிருந்தோம். மனைவி ஆசிரியை. எனக்கு இரத்மலானையில் வேலை. வீடு திரும்ப ஆறு மணியாகும். பாடசாலை வான் வண்டியில் வந்து இறங்கும் பிள்ளை, கழுத்தில் தொங்கும் திறப்பால் தானே கதவைத் திறந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் இட்டு, தாய் வரும்வரை ஒன்றரை மணி நேரம் தனியே இருக்கும். அதற்காக மனைவியை வேலையை விடும்படி நான் வற்புறுத்தாத மாதம் இல்லை. அந்த வழக்கை மகள் இத்தனை ஆண்டுகளின் பின் தாய்மேல் தொடுத்துவிட்டாள் என்றே நினைத்தேன். கண்ணிற் கட்டோடு குப்புறக் கிடப்பவளிடம் இதை எப்படிச் சொல்வேன்?

"கடைசியில குட்டி கதவைத் திறக்குது," என்றேன். "தாயும் பிள்ளையும் கட்டிப் பிடிக்கினம். வெளியில விடியுது."

பாடிக் கதவு திறப்பித்த அடியார்களின் வரலாற்றுக்கு எத்தனை முறை பயன் சொல்லியிருக்கிறேன்! கதவென்றால் திறக்கவேண்டும் என்று என் நாவுக்குப் பழகிப் போயிருந்தது. ஆயினும், இல்லாத பாட்டுக்குப் பயன் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

மறுநாட் காலை மகள் அழைத்தாள். மனைவி முந்திக்கொண்டாள். "பிள்ளை, முடிவு நல்ல வடிவு. அந்த விடியல் எனக்கு நல்லாப் பிடிச்சுது."

"ஓமம்மா," என்று மட்டும் சொல்லி மகள் தொடர்பைத் துண்டித்தாள். சற்று நேரத்தில், தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிய செய்தி ஒன்று என் கைப்பேசிக்கு வந்தது. "அப்பா, என்ர கதையில விடியிறேல்லை. மூண்டு வருசமா அந்தக் கதவைத் திறக்காமல் இருக்கத்தான் நான் பாடுபட்டனான். அம்மாவுக்குப் பிடிக்காட்டில் பிடிக்கேல்லை எண்டு சொல்லட்டும். ஆனா அவ என்ர கதையைக் கேக்கவேணும்."

அன்று மத்தியானம்வரை அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பிறர் இயற்றிய பாட்டின் ஓர் எழுத்தை மாற்றினாலும் அபசாரமென்று சபையில் அதட்டியவன் நான். பெற்ற பிள்ளையின் பாட்டை முழுவதாக மாற்றிவிட்டேன். மனைவிக்குச் சோறு ஊட்டி, வாய் துடைத்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"இஞ்சாரும், நேற்று நான் ஒரு பொய் சொன்னனான்."

"தெரியும்."

"எப்பிடி?"

"கோயிலில பயன் சொல்லுற குரல் வந்திட்டுது உங்களுக்கு. அதோட, எங்கட பிள்ளையின்ர புத்தகத்தில எப்பவாவது விடிஞ்சிருக்கோ?"

"பின்னை ஏன் அவளிட்டை வடிவெண்டு சொன்னனீர்?"

"அவள் உங்கட பொய்யைப் பிடிக்கட்டும் எண்டுதான். நான் கேட்டிருந்தா நீங்கள் பூமாரியும் பொழிய வைச்சிருப்பீங்கள். இப்ப வாசியுங்கோ. எலும்பெண்டால் எலும்பெண்டு சொல்லுங்கோ."

முதலிலிருந்து தொடங்கினேன். வெள்ளை விரல்கள் வந்த இடத்தில் தடுத்தாள்.

"எத்தினை விரல் வெள்ளை?"

"மூண்டு. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல்."

"முழுக்கவோ, நுனி மட்டுமோ?"

"நுனி மட்டும்."

தோள்கள் அசைந்தன. அழுகிறாளென்று அஞ்சிக் கையை வைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அது மா இல்லையப்பா. வெண்கட்டி."

பின்பு, எனக்கு இத்தனை காலமும் தெரியாதிருந்த ஒரு பின்னேரத்தை, நிலத்தைப் பார்த்தபடியே அவள் சொன்னாள். தொண்டை கட்டிக் குரல் முற்றாக அடைத்துப் போன ஒரு நாள். பாடசாலையிலிருந்து வந்து கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து பிள்ளை, "ஆர்?" என்றது. "அம்மா," என்று இவள் சொன்னது நரியின் குரலாய்க் கேட்டிருக்கிறது. "கையைக் காட்டு," என்றது பிள்ளை. கீழிடுக்கால் விரலை நீட்டினாள். கரும்பலகையில் எழுதிய வெண்கட்டியால் நுனியெல்லாம் வெள்ளை. பிள்ளை குளறி அழத் தொடங்கிவிட்டது.

"கீழ்வீட்டு நோனா ஏறிவந்து, 'மொகத டீச்சர், யதுர நெத்த?' எண்டு கேக்கிறா, சிங்களத்தில, திறப்பில்லையோ எண்டு. திறப்பு இருக்கு, உள்ளுக்குத் தாழ்ப்பாள் எண்டு சொல்ல எனக்குக் குரல் இல்லை. கையால காட்டினன். அவ எனக்குப் பைத்தியம் எண்டு நினைச்சிருப்பா."

"பிறகு?"

"பிறகென்ன, கதவில சாஞ்சு இருந்தன். அவளும் உள்ளுக்குக் கதவில சாஞ்சு இருந்தவள். மூச்சு விடுறது கேட்டுது. கனநேரத்துக்குப் பிறகு இடுக்கால ஒரு தாள் வந்துது. பள்ளிக்கூடத்தில குடுத்த வீட்டுக் கணக்கு. 'அம்மா எண்டால் திருத்து' எண்டாள். சிவப்புப் பேனையை எடுத்துத் திருத்தித் தள்ளிவிட்டன். பிழைக்கு வட்டம் போட்டது கண்டவுடனதான் தாழ்ப்பாளை எடுத்தவள். நரியெண்டால் எல்லாம் சரி எண்டு போட்டிருக்குமாம்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் அடுத்த நாளே வேலையை விடச் சொல்லியிருப்பீங்கள்."

உண்மைதான். சொல்லியிருப்பேன்.

"சரி, கடைசிப் பக்கத்துக்குப் போங்கோ. சிவப்பு ஏதும் இருக்கோ?"

கண்ணாடியைத் துடைத்து, நூலைச் சாளரத்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன். கதவின் அடியிற் பாதி உள்ளும் பாதி வெளியுமாக ஒரு தாள். அதை வெளியேயிருந்து பற்றியிருப்பது எலும்புக் கை. தாளில் எறும்பளவான இலக்கங்கள்.

"இருக்கு. இரத்தமெண்டு நினைச்சனான், ஆனா வழியேல்லை," என்றேன். "சேலை கட்டின தாய் எலும்பாகி, ஒரு தாளைப் பிடிச்சிருக்கு. அதில வட்டமா இருக்கு. சின்ன வட்டம் ரெண்டு."

"இரத்தம் வட்டம் போடுமோ?"

மாவென்றும் குருதியென்றும் நான் எண்ணியவை வெண்கட்டியும் மையும்.

"எலும்பான பிறகும் இருந்து திருத்துறன் எண்டு கீறியிருக்கிறாள், கள்ளி," என்றாள் மனைவி. "நீங்கள் விடியப்புறத்தில எழும்பிச் சுடலையில ஆடுறவரைப் பாடுறீங்கள். கையில மண்டையோடு, சுத்திவரப் பேய். அதுக்கெல்லாம் உருகிப் போறீங்கள். பிள்ளை கீறின நாலு எலும்புக்கு இப்பிடிப் பயப்பிடலாமோ?"

"ஆனா, கதவு திறந்தது தானே? ஏன் திறக்காமல் விட்டவள்?"

"திறந்தது எனக்கும் அவளுக்கும் தெரியும். புத்தகத்துக்கு ஏன்?"

மெல்பேணில் அப்போது மாலை. அழைத்தேன். "என்னப்பா," என்ற மகளின் குரலிற் கனிவில்லை.

"நான் பிழை செய்திட்டன் பிள்ளை. அம்மா கதைக்கவேணுமாம்."

கைப்பேசியை மனைவியின் காதருகே படுக்கையில் வைத்தேன்.

"பிள்ளை, அப்பா இப்பதான் ஒழுங்கா வாசிச்சவர். கதவு திறக்கேல்லை."

"ஓமம்மா. கோவமோ?" என்றாள் மகள்.

"கோவந்தான். ரெண்டு வட்டம் போட்டிருக்கிறாயாம்?"

"ரெண்டுதான் அம்மா! எனக்கு நல்ல ஞாபகம். அந்தத் தாளை எத்தினை வருசம் வைச்சிருந்தனான்."

"மூண்டு பிழை விட்டனீ. ஒண்டை நான் கண்டும் காணாத மாதிரி விட்டிட்டன்."

"நீங்களோ? பிழையைப் பாத்திட்டு விட்டனீங்களோ?"

"மூண்டுக்கும் வட்டம் போட்டால் நீ இருந்து திருத்தி எழுதத் தொடங்கியிடுவாய். எனக்கு உள்ளுக்கு வந்து உன்னைத் தூக்கவேணும் போல கிடந்துது."

நான் இடையிற் புகுந்து எதற்கும் பயன் சொல்லவில்லை.

"எந்தக் கணக்கம்மா?" என்று மகள் கேட்டாள்.

நெற்றியை வளையத்திலிருந்து எடுக்காமல் மனைவி யோசித்தாள்.

"பதினேழும் எட்டும்," என்றாள். "இருபத்தாறு எண்டு எழுதியிருந்தனீ."