முழங்கை கூடிய பிறகு

என் மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிக்கூடத்துச் சறுக்குமரத்திலிருந்து விழுந்தாள். வலது முழங்கை உடனே வீங்கிவிட்டது. தீபாவளி சீசன். திருத்தங்கலில் பட்டாசுப் பெட்டி ஒட்டும் வேலையிலிருந்து ஓடினேன். கூட இருந்தவர்கள் எல்லாரும் பக்கத்து ஊரில் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரைத்தான் சொன்னார்கள். ஆஸ்பத்திரியை நான் நினைக்கக்கூட இல்லை.

அவர் கையை இழுத்து நேராக்கி, துணி சுற்றி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். "எட்டு நாளைக்கு அவுக்கக் கூடாது. பிள்ள அழும். நீங்க மனசு எளகிறாதீக."

அன்று சாயங்காலமே அழத் தொடங்கினாள். மறுநாள் விரல்கள் கறுத்துச் சில்லிட்டன.

"அவுத்து விடும்மா."

"அவுத்தா கை கோணிப் போகும். பொறுத்துக்கோ தாயி."

மூன்றாம் நாள் காலை அழுகை நின்றது. வலி விட்டுவிட்டது என்று நினைத்து வேலைக்குப் போனேன். அப்படி நினைத்ததை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மத்தியானம் சாப்பிட வந்த என் வீட்டுக்காரர் அவள் விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்படியே தூக்கிக்கொண்டு விருதுநகருக்குப் போனார். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். நான் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் கட்டை வெட்டி எடுத்திருந்தார். ஊசியால் விரலில் குத்தி, "வலிக்குதா பாப்பா?" என்றார். "இல்ல" என்றாள்.

அவர் என்னிடம் திரும்பினார். "அன்னைக்கே வந்திருந்தா ரெண்டு கம்பி போட்டுச் சரி பண்ணியிருக்கலாம்மா. ரத்தம் போகாம உள்ள சதை செத்துருச்சு. கை தங்குதான்னு பாப்போம்."

முன்னங்கையைக் கீறித் திறந்துவிட்டு, எலும்பைக் கம்பியால் பிணைத்தார்கள். கை தங்கியது. ஒரு மாதத்தில் கம்பியை உருவினார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகக் கூடியிருந்தது. விரல்கள் மட்டும் உள்ளங்கைக்குள் மடங்கி நின்றன.

கட்டுப் போட்டவரிடம் சண்டை போடப் போனேன். வாசலில் ஒரு பெண், கை வீங்கிய குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கக்கா" என்றேன். என் பிள்ளைக்கு நடந்ததையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். உள்ளேயிருந்து கூப்பிட்டதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள். நான் சண்டை போடாமலே திரும்பிவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து இன்னொரு ஆபரேஷன் செய்தார்கள். விரல்கள் கொஞ்சம் நிமிர்ந்தன. டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடித்தாள். அன்று நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். ஆனால் வளர வளர விரல்கள் மறுபடி மடங்கின. எலும்பு வளருகிறது, செத்த சதை அதோடு சேர்ந்து வளராது என்றார் டாக்டர்.

இப்போது பத்தாம் வகுப்பு. இடது கையால் எழுதுகிறாள். ஜடை நான்தான் பின்னிவிடுகிறேன். போன மாதம் மதுரையில், இனிச் செய்ய எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பஸ்ஸில் கேட்டாள், "இனிமே வர வேண்டாம்லம்மா?"

"வேண்டாம் தாயி."

தாவணி நுனியை இழுத்துக் கையை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.