வெளியே போ

அந்த நாட்களில் எனக்குச் சட்டென்று மூக்குக்கு மேல் கோபம் வரும். நான் பாடம் நடத்திய தேயிலை எஸ்டேட் பள்ளியின் ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் வகுப்புக்குள் நுழைந்தால் கடைசி பெஞ்சே மறைந்துவிடும்; பேச்சுச் சத்தம் மட்டும் மிதந்து வரும். ஒருநாள், சிலோனிலிருந்து அந்த மாதம்தான் வந்து சேர்ந்திருந்த சிறுமியிடம், "பேசினது போதும், வெளியே போ!" என்று கத்திவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து வாசலுக்கு வந்தேன். அந்த வெண்மைக்குள் மூன்று உருவங்கள் கனவில் தெரிவதுபோல் நின்றன. பக்கத்து வகுப்பிலிருந்து தம்பியையும் தங்கையையும் அழைத்து வந்து, மூன்று பைகளையும் அவளே தோளில் மாட்டியிருந்தாள்.

"இவங்களை எதுக்கும்மா கூட்டிட்டு வந்தே?"

"சிலோன்ல போகச் சொன்னப்ப எல்லாருந்தானே டீச்சர் வந்தோம்?"