தேங்காய்ப்பாலில் நீந்திய அயிரை

காலையில் இணையக் கலைக்களஞ்சியத்தில் அயிரை மீன் குழம்புக் கட்டுரையைத் திருத்தினேன். முக்கால்வாசியும் செய்முறைதான். "கலைக்களஞ்சியம் சமையல் புத்தகமல்ல" என்று குறிப்பு எழுதி அந்தச் செய்முறையை நீக்கினேன்.

சற்று நேரத்தில் அந்தக் கட்டுரையைப் பற்றிப் பேசுவதற்கான உரையாடல் பக்கத்தில் மேலூர்க்காரர் ஒருவர் எழுதியிருந்தார்.

"அண்ணே, அதப் பாத்துத்தான் சமைச்சுக்கிட்டு இருந்தேன். இப்பக் காணோம். மண்ணக் கக்கட்டும்னு தேங்காப்பாலுல விட்ட மீனு நீந்திக்கிட்டுக் கெடக்கு. அடுத்து என்ன செய்யணும்?"

சமையல் தளங்கள் ஏராளமாக இருக்கின்றனவே என்றேன்.

"அதுல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாய்ங்கண்ணே. வீட்ல மாசமா இருக்கா. வயித்துல எதுவும் தங்க மாட்டேங்குது. இன்னைக்குத்தான் வாய்விட்டு அயிரக் கொழம்பு கேட்டா."

அதற்குமேல் எனக்கு விதி எதுவும் ஞாபகம் வரவில்லை.

"கல்லுப்புப் போட்டு உரசிக் கழுவுங்க. புளிக்கொழம்பு நல்லாக் கொதிச்ச பெறகு, கடைசியா மீனப் போடுங்க. கரண்டியப் போட்டுக் கிண்டிராதீங்க" என்று அங்கேயே எழுதினேன்.

மதியம் பதில் வந்தது.

"ரெண்டாந்தடவ சோறு வாங்கிச் சாப்பிட்டா அண்ணே."

கட்டுரை இப்போது விதிப்படி சுத்தமாக இருக்கிறது. உரையாடல் பக்கத்தில் சமையல் சொல்லிக்கொடுப்பதும் விதிமீறல்தான். அதை நீக்கத் துடிக்கும் சக பங்களிப்பாளர்கள், மேலூர்த் தங்கச்சிக்கு மசக்கை தெளியும்வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.