பைப்பில் இருந்த பல்தடம்

லேப்பில் எல்லோரும் அவளை மெழுகக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் செட் கட்டும் லேப் அது. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்பி வைப்பார்கள். இவள் மெழுகில் ஈறு வளைத்து, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, கடிப்பு சரிபார்த்து, ரோஸ் நிறப் பிசினில் வார்த்து, ராவி, பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவாள். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நக இடுக்கில் கொஞ்சம் மெழுகு மிச்சமிருக்கும். பெயர் அதனால் ஒட்டிக்கொண்டது. அச்சைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்கள். கேலியில் பாதி நிஜம். இவர் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர், இந்தம்மா ஒரு பக்கமாகவே மெல்லுகிறவர் என்று அவள் சொன்னால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

அவள் கணவர் மீன்பிடிப் படகில் எஞ்சின்காரர். ஒரு மழைக்காலத்தில் போன படகு திரும்பவில்லை. பல நாள் தேடினார்கள். சில பலகைகளும் மிதவைகளும் கரை ஒதுங்கின. ஆள் ஒருவரும் கிடைக்கவில்லை. குழந்தையும் இல்லாத வீடு. எஞ்சின்காரரின் அக்கா, கல்யாணமே செய்துகொள்ளாமல் ஒரு தையல் யூனிட்டில் சட்டைகளுக்குப் பொத்தான் ஓட்டை தைக்கும் காஜா வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், துக்கத்துக்கு வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். போங்கள் என்று இவளும் சொல்லவில்லை, இருக்கட்டுமா என்று அவரும் கேட்கவில்லை. தலையணை உறை மாற்றுவது முதல் மின்கட்டணம் வரை வேலைகள் தாமாகவே இரண்டாகப் பிரிந்துகொண்டன. நாத்தனாரின் பற்கள் ஆடி விழத் தொடங்கியபோது மெழுகக்காதான் செட் கட்டிக் கொடுத்தாள். அதிலும் நாத்தனாருக்கு ஒரு பிடிவாதம். வலப்பக்கம் தனக்கு இருந்த தெத்துப்பல் அப்படியே வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடியில் யாரோ மாதிரி இருக்கிறது என்றார். எஞ்சின்காரருக்கும் அதே தெத்துப்பல், இடப்பக்கம். மெழுகக்கா அந்த ஒரு பல்லை மட்டும் அரைநாள் அரத்தால் ராவி, கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் முன்னே தள்ளி நட்டுக் கொடுத்தாள்.

இரண்டு பெண்களும் இருந்த அந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு எஞ்சின்காரர் வந்துபோய்க்கொண்டிருந்தார். மெழுகக்கா அப்படித்தான் நம்பினாள்.

லேப்பிலிருந்து திரும்பிக் கதவைத் திறக்கும்போது சில நாள் அந்த வாசனை இருக்கும். உலர்ந்த திராட்சையைக் கருக்கியது போன்ற, இனிப்பும் கசப்புமான, அவர் பைப்பில் புகைத்த புகையிலையின் வாசனை. சன்னல்கள் திறந்திருக்கும், நாத்தனார் சமையலறையில் எதையாவது தேய்த்துக்கொண்டிருப்பார். ஆனாலும் நாற்காலி மெத்தையில், திரைச்சீலையில் அது தங்கியிருக்கும். மெழுகக்கா யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்பதைவிட, சொன்னால் அவர் வராமல் போய்விடுவார் என்ற பயம்தான் பெரிது. படியேறி வந்ததும் கதவைத் திறக்காமல், நடையில் நின்று கைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையைச் சரிசெய்துகொள்வாள். முகத்தைத் துடைத்துக்கொள்வாள். அதற்குப் பிறகுதான் சாவி.

அந்த பைப்பைக் கல்யாணமான புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், அவளை நிற்க வைத்துக்கொண்டு அவர் பழையதாக வாங்கினார். சுரைக்குடுக்கையின் வளைந்த கழுத்தைக் காயவைத்துச் செய்த பைப். மேலே நுரைபோல எடையே இல்லாத வெள்ளைக் கல்லில் ஒரு கிண்ணம், அதில்தான் புகையிலை. கீழே வாயில் வைக்கும் கறுப்புக் குழல். வாங்கிய சில மாதத்திலேயே படகுத் தளத்தில் விழுந்து குடுக்கையின் நுனி பிளந்துவிட்டது. மெழுகக்கா லேப்பில் இருந்த பிசினை வைத்து ஒட்டிக்கொடுத்தாள். அங்கே இருந்ததெல்லாம் ரோஸ் நிறம்தான். பைப்புக்கு ஈறு முளைத்திருக்கிறது என்று படகுக்காரர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டு அதையே வைத்துக்கொண்டார். கடைசியாகப் போனபோதும் அது அவரோடுதான் போனது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

பிரச்சினை வீட்டு விஷயத்தில் தொடங்கியது. நாத்தனாருக்கு மூட்டு வலி, மூன்று மாடி ஏற முடியவில்லை. லேப்புக்குப் பக்கத்திலேயே தரைத்தளத்தில் ஒரு வீடு காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்து சொன்னார். மெழுகக்கா தட்டிக்கழித்தாள். மறுபடி கேட்டார். இவள் தண்ணீர் வராது என்றாள், வெளிச்சம் போதாது என்றாள். ஒருநாள் சாயங்காலம் டீ குடிக்கும்போது நாத்தனார், உண்மையான காரணத்தைத்தான் சொல்லேன் என்றார்.

"அவர் வர்றார் அண்ணி. நான் இங்கிருந்து வர முடியாது."

"யாரு?"

"உங்க தம்பிதான். நான் இல்லாதப்ப வந்துட்டுப் போறார். கதவைத் திறந்தா அந்த பைப் வாசனை. உங்களுக்குத் தெரியலையா?"

நாத்தனார் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, தனக்கு மூக்கு அவ்வளவாக வேலை செய்வதில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அன்றோடு வாசனை நின்றுவிட்டது.

முதலில் மெழுகக்கா காத்திருந்தாள். பிறகு தேட ஆரம்பித்தாள். மெத்தையில் முகத்தை வைத்து மோந்து பார்த்தாள், திரைச்சீலையைத் துவைக்க விடவில்லை. நாக்கை அடக்கியிருக்கலாம், வெளியே சொன்னதால்தான் கோபித்துக்கொண்டார் என்று தன்னையே நொந்துகொண்டாள். வெறும் சோப்பு வாசனை அடிக்கும் வீட்டுக்குள் நுழையவே பிடிக்கவில்லை. வேலை முடிந்ததும் நேரே வராமல் கால் போன போக்கில் தெருத் தெருவாகச் சுற்றினாள். சோறு இறங்கவில்லை. லேப்பில் ஒரு செட்டுக்குக் கீழ்வரிசையை மேலே நட்டு வைத்தாள். அவள் கையில் அப்படியொரு தப்பு நடந்ததே கிடையாது.

அப்படிச் சுற்றும்போதுதான் அந்தப் பழைய சாமான் கடை கண்ணில் பட்டது. மின்விசிறிகள், நின்றுபோன கடிகாரங்கள், யாரோ கழற்றிப் போட்ட மூக்குக்கண்ணாடிகள். கண்ணாடிப் பெட்டிக்குள், சவரக் கத்திகளுக்கு நடுவே, ஒருக்களித்துப் படுத்திருந்தது ஒரு சுரைக்குடுக்கை பைப். அதே மாதிரி ஒன்று. அதை வாங்கி வீட்டில் வைத்தால் ஒருவேளை அவர் மனம் இரங்கி வருவார் என்று அவளுக்குத் தோன்றியது. எடுத்துக் காட்டச் சொன்னாள்.

கடைக்காரர் துடைத்துக் கொடுத்தபடியே, இது ஒரு கப்பல் கேப்டன் வைத்திருந்தது, உலகம் முழுக்கச் சுற்றிய பொருள் என்று ஆரம்பித்தார். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. எஞ்சின்காரர் அன்று சந்தையில் எப்படிப் பார்த்தாரோ அதே வரிசையில் பார்க்கத் தொடங்கினாள். கிண்ணத்தை வெடுக்கென்று இழுக்கக் கூடாது, மெல்லத் திருகி எடுக்க வேண்டும். எடுத்தாள். கிண்ணத்தை நகத்தால் தட்டினாள். மந்தமான சத்தம், சுண்ணாம்பு வார்ப்பு இல்லை, நிஜக் கல். வெள்ளை அடியிலிருந்து மேல்நோக்கித் தேன் நிறமாக மாறியிருந்தது, பல வருடம் புகைத்ததற்கு அடையாளம். உள்ளே கரி ஏறியிருந்தது, ஆனால் மாவுபோல் உதிரவில்லை, யாரோ பொறுப்பாகச் சுரண்டிவிட்டிருக்கிறார்கள். குடுக்கையை வெளிச்சத்தில் திருப்பிக் கீறல் தேடினாள். மேற்பக்கம் கீறல் இல்லை. கிண்ணம் உட்காரும் இடத்தில் தக்கை வளையம் இருக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் கித்தான் துணியில் ஒரு வளையம். விளிம்பு முழுக்க நெருக்கமாக, சட்டைக் காஜாவுக்குப் போடுவது போன்ற தையல்.

இது என்ன வினோதம் என்று நினைத்தபடி பைப்பைக் கவிழ்த்தாள். குடுக்கையின் நுனியில் ரோஸ் நிறத்தில் ஒட்டு.

கடைக்காரர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். உட்கார்ந்துவிட்டாள். கடலுக்குப் போன பைப் கரைக்கு எப்படி வந்தது? பைப் வந்தது என்றால் ஆள்? எங்கோ ஓர் ஊரில், இத்தனை வருடமாக, தன்னை விட்டுவிட்டு அவர் புகைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரா? இறந்தவருக்காக அழுதுவிடலாம். இருந்துகொண்டே வராதவரை என்ன செய்வது?

கை தானாக வாய்க்குழலுக்குப் போனது. அது அவள் தொழில். நுனியின் இடப்பக்கம் பழைய தடங்கள், ஆழமாக, கூர்மையாக, அதில் தெத்துப்பல்லின் சாய்ந்த பள்ளம். அவருடைய வாய். அதில் சந்தேகமில்லை. வலப்பக்கம் வேறு தடங்கள், புதியவை, மழுங்கலானவை. நிஜப் பல் வெட்டும். செட் பல் அழுத்தித் தேய்க்கும், வெட்டாது. யாரோ செட் போட்டவர் வலப்பக்கமாகக் கடித்துப் புகைத்திருக்கிறார். அந்த மழுங்கல் வரிசையிலும் ஒரு பல் கொஞ்சம் திரும்பி, கொஞ்சம் முன்தள்ளி நின்றது. அரைநாள் அரம் பிடித்து அவள் ராவிய பல்.

நாத்தனாரின் செட் அடிக்கடி லூசாகிவிடுவதும், அதை அவள் ஒவ்வொரு முறையும் சரிசெய்ததும், அப்படி எதைத்தான் கடிக்கிறீர்கள் என்று கேட்டதும் நினைவுக்கு வந்தன.

"கேப்டன் பல் செட் போட்டிருந்தாரோ?" என்று கேட்டாள். கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, உண்மையில் கால் தாங்கித் தாங்கி நடந்துவந்த ஓர் அம்மாதான் கொடுத்தார், கொடுக்கும்போது இரண்டு தடவை திரும்ப வாங்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார் என்றார். கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அன்று நடையில் நின்று தலை வாரிக்கொள்ளவில்லை.

பைப்பை நாத்தனாருக்கு முன்னால் மேசையில் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், கையை மடியில் வைத்துக்கொண்டார்.

படகு கிளம்பும் முன்தினம் தம்பி தன் அறைக்கு வந்தான் என்றார். தக்கை வளையம் உதிர்கிறது, ஏதாவது தைத்துப் போடு என்று பைப்பைக் கொடுத்துவிட்டுப் போனான். துக்கத்துக்கு வந்தபோது பையில் அதுவும் இருந்தது, இவளிடம் கொடுக்கத்தான் கொண்டுவந்தார். ஆனால் இவள் சுவரில் சாய்ந்துகொண்டு, பைப்பாவது அவருக்குத் துணையாகப் போனதே என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஒன்றுதான் இவளை நிமிர்ந்து உட்கார வைத்திருந்தது. அதையும் பிடுங்கவா என்று பையை மூடிவிட்டார். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதில் வருடங்கள் ஓடிவிட்டன. தன் புகையைத் தம்பி என்று இவள் நம்புவது தெரிந்த பிறகு, இனி அது வீட்டில் இருக்கக் கூடாது என்று கடையில் கொடுத்துவிட்டார்.

"அது சரி. ஏன் குடிச்சீங்க?"

"சும்மா வாயில வெச்சுப் பாத்தேன் மொதல்ல. அப்புறம் பத்த வெச்சேன். இருமல் வந்துச்சு." நாத்தனார் பைப்பைத் தொடாமலே பேசினார். "என் இருமலும் அவன் இருமலும் ஒண்ணும்மா. எங்கப்பாவோடது. கண்ணை மூடிக்கிட்டா பக்கத்து ரூம்ல அவன் இருமற மாதிரியே இருக்கும். அதுக்குத்தான். புகைக்காக இல்ல."

"இத்தனை வருஷமும் உங்க புகைக்குத்தான் தலை வாரிக்கிட்டு வந்தேனா நான்?"

நாத்தனாருக்கு அது புரியவில்லை. மெழுகக்கா விளக்கவும் இல்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த சில நாட்கள் இருவரும் ஒரே வீட்டில் இரண்டு வீடாக இருந்தார்கள். ஒருவர் சாப்பிட்டு எழுந்த பிறகு மற்றவர் உட்கார்ந்தார். பைப் மேசையிலேயே கிடந்தது. யாரும் எடுக்கவில்லை, யாரும் நகர்த்தவும் இல்லை. அது இருந்த பக்கம் தட்டு வைப்பதைக்கூட இருவரும் தவிர்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெழுகக்கா வெளியே போய்ப் புகையிலை வாங்கிவந்தாள். கிண்ணத்தில் தானே அடைத்தாள். நாத்தனாரிடம் நீட்டி, ஒரே ஒரு தடவை குடியுங்கள், நான் பக்கத்து அறையில் இருக்கிறேன் என்றாள். நாத்தனார் மறுத்துப் பார்த்தார். இவள் நீட்டிய கையை மடக்கவில்லை.

கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தீக்குச்சி உரசும் சத்தம். முதலில் வாசனை வந்தது, கதவுக்குக் கீழே புகுந்து, அவளைச் சுற்றிக்கொண்டு. பிறகு இருமல்.

அவர்தான். தொண்டையில் ஒருமுறை கனைத்து, நிறுத்தி, நெஞ்சிலிருந்து இரண்டாவதாக இழுத்து இருமும் அதே இருமல். ஆனால் கேட்கக் கேட்க அவளுக்கு ஒன்று உறைத்தது. அவள் மறக்காமல் வைத்திருந்தது ஓர் இளைஞனின் இருமல். இது தளர்ந்த இருமல், முடிவில் மூச்சு வாங்குகிறது, சளி கட்டிக் கரகரக்கிறது. அவர் இருந்திருந்தால் இந்த வயதில் இப்படித்தான் இருமியிருப்பார். கடலுக்கடியில் அதே வயதில் நின்றுபோனவர் என்று நினைத்திருந்த ஆள், தான் வேலைக்குப் போயிருந்த பகல்களில் இந்த வீட்டுக்குள்ளேயே வயதாகியிருக்கிறார். அவள் மட்டும் அதைப் பார்க்கவில்லை.

இருமல் நிற்காமல் நீண்டது. ஓடிப்போய்ப் பைப்பைப் பிடுங்கினாள். நாத்தனாரின் கண்களில் நீர் கட்டியிருந்தது. முதுகைத் தடவிக் கொடுத்தாள், தண்ணீர் கொடுத்தாள்.

"இனிமே வேணாம் அண்ணி. செட்டு பாழாகுது" என்றாள்.

அந்த மாதக் கடைசியில் தரைத்தள வீட்டுக்கு மாறினார்கள். பைப்பைத் துணியில் சுற்றி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டாள். அதை யார் எந்த அலமாரியில் வைத்தது என்பது பிறகு இருவருக்குமே நினைவில்லை. புது வீட்டில் நாத்தனார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவில் போகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தார். மெழுகக்கா மறுபடி தப்பில்லாமல் பல் நட்டாள். சாப்பாடும் ஒன்றாக நடந்தது.

மழைக்காலம் வந்ததும் நாத்தனாருக்குச் சளி பிடித்தது. ஒரு விடுமுறை நாள் காலையில், கஷாயம் கொதித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளறையில் இருமல் ஆரம்பித்தது. மெழுகக்கா டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. கை சுட்டது. உள்ளே போகவில்லை. இருமல் இன்னொரு முறை, இன்னும் ஒரு முறை வரும் வரை கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள்.

பிறகுதான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.