ஆறு டின் சிக்கனம்

மலாயாவில், கூலாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் கிராணியாக இருந்த காலம். தோட்டத்தில் அத்தனை பேர் சம்பளத்துக்கும் கணக்கு எழுதுவது நான்தான். என் சம்பளமோ பாதி மாதம் தாண்டாது. இதற்கு ஒரு முடிவு கட்டியே தீருவதென்று, அரிசி, துணி, மருந்து, கோயில், விருந்தாளி, ஊருக்கு அனுப்பும் பணம் என்று செலவுக்கு ஒரு டின்னாகப் பணத்தைப் பிரித்து வைக்கத் தீர்மானித்தேன். ஒரு செலவுக்காக இன்னொரு டின்னில் கை வைக்கக்கூடாது. அதுதான் சட்டம்.

"ரப்பர் பால் பிடிக்கிற மங்கு போதாதாங்க? கொல்லையில நிறைய கிடக்கு," என்றாள் மனைவி.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாலுக்கு மரம் வெட்டுகிறவன் வீட்டில் மங்கு இருக்கலாம். கிராணி வீட்டில் இருக்கலாமா? மூடி இறுக்கமான உருண்டைச் சிகரெட் டின்தான் வேண்டும். அதுவரை நான் பீடி குடித்தவன். சிக்கனத்துக்காக டின் சிகரெட்டுக்கு மாறினேன். காலி டின் சேரவேண்டுமே என்று கொஞ்சம் வேகமாகவே குடித்தேன்.

ஆறும் சேர்ந்த மாதம், சம்பளத்தன்று, டின்களை வரிசையாக வைத்துக் காசைப் பிரித்துப் போட்டேன். இருமிக்கொண்டே நின்ற என்னையும் டின்களையும் மனைவி மாறி மாறிப் பார்த்தாள்.

"சிகரெட்டுக் காசை எந்த டின்லேர்ந்து எடுப்பீங்க?"

நியாயமான கேள்விதான். திட்டத்தில் ஓட்டை இருக்கக்கூடாது. ஆறு டின்னிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, ஏழாவது டின் வாங்கக் கடைக்குப் புறப்பட்டேன்.